சிவப்பு நூல் பொட்டலங்கள்

அந்தப் பூச்சி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, தையல் மெஷின் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அது நேராக வந்து டிரம்காரரின் மூக்கில் உட்கார்ந்தது.

அவரால் அதை ஓட்டவும் முடியவில்லை. பாதி தைத்த வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். கோட்டு முழுக்கக் குண்டூசி. கொஞ்சம் அசைந்தாலும் சுருக்கென்று குத்தும்.

"மாஸ்டர்..." என்றார், உதட்டை அசைக்காமல். "மூக்குல என்னமோ உக்காந்திருக்கு."

கோட்டைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் வாயிலும் நாலு குண்டூசி. "ம்ம்?" என்று மட்டும்தான் அவரால் கேட்க முடிந்தது.

அவ்வளவுதான், டிரம்காரர் தும்மினார். டிரம் அடிப்பவரின் தும்மல் என்றால் கேட்க வேண்டுமா? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஏழெட்டு இடத்தில் ஊசி குத்தியது. "ஐயோ! அம்மா! ஐயய்யோ!" என்று அவர் குதித்த குதியில், பூச்சி பறந்துபோய் அளவு நாடாவின் மேல் உட்கார்ந்தது.

அப்பா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பினார். "அந்துப்பூச்சி!"

தையல்காரர் வீட்டில் அந்துப்பூச்சி என்பது பட்டாசுக் கடையில் தீக்குச்சி மாதிரி. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அலமாரியில் தைக்க வந்த துணி மட்டும் ஐம்பது பேருடையது இருந்தது.

"சாயங்காலம் கோட்டு வாங்க வரேன் மாஸ்டர்" என்று டிரம்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே கிளம்பினார். "அதுக்குள்ள அதைப் பிடிச்சிடுங்க."

பூச்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன அப்பா, சமையலறையில் மளிகை அலமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பூச்சிகள் பறந்து வந்தன.

"பொத்தான்! குண்டூசி! இங்க வாங்க!"

அப்பா கேட்டது பொத்தானும் குண்டூசியும் அல்ல, தன் பிள்ளைகளை. வட்ட முகம் என்பதால் பத்து வயது மகளுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார். ஆறு வயது மகன் எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். கூர்மையாகவும் பேசுவான். அதனால் அவன் குண்டூசி.

அப்பா ஒரு பெரிய குப்பைப் பையைப் பொத்தானின் கையில் கொடுத்தார்.

"இந்த அலமாரியில இருக்கிற பொட்டலம் எல்லாத்தையும் இதுல போட்டுக் கட்டிடு. ஒன்னு கூட மிஞ்சக் கூடாது. அம்மா மூணு மணிக்கு வந்துடுவா. அவ வரும்போது அலமாரி பளிச்சுனு இருக்கணும்."

"எல்லாத்தையுமா?" என்றாள் பொத்தான்.

"எல்லாத்தையும்தான். எனக்குக் கோட்டு வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா மெஷினுக்குப் போய்விட்டார்.

பொத்தான் அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். தட்டுத்தட்டாகப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல்.

இந்த நூலுக்கு ஒரு கதை உண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால், கடைசிப் பிடி உலர்ந்த திராட்சைக்காகப் பொத்தானும் குண்டூசியும் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அப்பா இருவரையும் பிரித்துவிட்டு ஒரு சட்டம் போட்டார். "இனிமே எந்தப் பொட்டலத்துலயும் கடைசிப் பிடியை யாரும் எடுக்கக் கூடாது. அதை வீட்டுல இன்னொருத்தருக்குன்னு கட்டி வைக்கணும். யாருக்குன்னு நூல் சொல்லும்."

மஞ்சள் நூல் என்றால் பொத்தானுக்கு. பச்சை குண்டூசிக்கு. நீலம் அப்பாவுக்கு. அம்மாவுக்குச் சிவப்பு, ஏனென்றால் அம்மா ஓட்டும் லாரி சிவப்பு.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. சண்டை நின்றது. ஆனால் எல்லோரும் அடுத்தவருக்குக் கட்டிவைத்தார்களே தவிர, தனக்கென்று கட்டியதைப் பிரித்து உண்ண யாருக்கும் மனம் வரவில்லை. 'இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டார்கள். அலமாரி நிரம்பி வழிந்தது.

பொத்தான் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொரு பொட்டலங்கள். மஞ்சள் ஏழு, நீலம் ஐந்து, மீதிப் பத்தொன்பதும் சிவப்பு.

பச்சை ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா, பாத்தியா!" என்று குண்டூசி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "என்னோடது மட்டும் காணாமப் போயிருக்கு. எப்பவும் இப்படித்தான். உண்மையைச் சொல்லு, நீதானே தின்னே?"

"சத்தியமா நான் தொடலடா."

"பின்ன யாரு? எலியா? எலிக்கு நூல் பிரிக்கத் தெரியுமா?"

பொத்தானின் கண் சிவப்பு நூல்களின் மேலேயே இருந்தது.

அம்மா பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, நேராக இந்த அலமாரியைத்தான் திறப்பார். ஒவ்வொரு முறையும் பொத்தான் முன்னறையில் ஆசையாகக் காத்திருப்பாள். முந்திரி, பேரீச்சம்பழம், சாக்லேட் பொடி என்று நல்லதாகப் பார்த்துப் பார்த்து அவள்தான் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். ஆனால் அம்மா மறுபடி லாரியில் ஏறிப் போன பிறகு பார்த்தால், ஒரு சிவப்பு முடிச்சுகூட அவிழ்ந்திருக்காது.

'அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு பழகிப்போச்சு. நாம வச்சதெல்லாம் பிடிக்கல.' பொத்தான் இப்படித்தான் நினைத்திருந்தாள். அம்மாவிடம் கேட்கவும் பயம். 'ஆமா, பிடிக்கல' என்று சொல்லிவிட்டால்?

இப்போது அத்தனையும் குப்பைக்குப் போகப் போகிறது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள்.

"அப்பா, அலமாரி காலியானாப் போதும்தானே? குப்பையிலதான் போடணும்னு இல்லையே?"

அப்பா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்ன எங்க போடுவே?"

"சட்டியில."

மெஷின் நின்றது. அப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பூச்சி இருக்கேம்மா."

"எல்லாத்துலயும் இல்லப்பா. நான் பிரிச்சுப் பாக்கறேன். பூச்சி இருக்கிறதைத் தூக்கிப் போட்டுடறேன். நல்லதை வச்சு அம்மாவுக்குச் சமைக்கலாம்."

"ரெண்டு மணிக்கு நான் வந்து பாப்பேன். ஒரு பொட்டலம் இருந்தாலும் பைக்குள்ள போயிடும். அப்புறம், அடுப்பைப் பத்த வைக்கிறது நான்தான். சரியா?"

"சரிப்பா!"

பொத்தான் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். முதல் முடிச்சை அவிழ்க்கப் போனபோது குண்டூசி அலறினான். "அது அம்மாவோட சிவப்பு! அடுத்தவங்க நூலைப் பிரிக்கக் கூடாது!"

"பிரிச்சு நாமளா சாப்பிடப் போறோம்? அம்மாவுக்குத்தானே போகுது. நூலையெல்லாம் தனியா எடுத்து வைப்போம். கணக்கு அம்மாகிட்டயே காட்டிடலாம்."

குண்டூசி யோசித்துத் தலையாட்டினான். நூல்களை வாங்கி மேசை ஓரத்தில் குவிக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

ஒவ்வொரு பொட்டலமாகச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறிப் பார்த்தார்கள். பூச்சி கடை விரித்திருந்தது ஒரு மாவுப் பொட்டலத்திலும் இரண்டு ரவைப் பொட்டலத்திலும்தான். அந்த மூன்றும் குப்பைப் பைக்குப் போயின. மீதி இருபத்தெட்டும் நன்றாக இருந்தன.

ஆனால் எதுவுமே ஒரு பிடிக்கு மேல் இல்லை. ஒரு பிடி அரிசி. ஒரு பிடி பருப்பு. காய்ந்த பட்டாணி, பார்லி, உடைத்த கோதுமை, மூன்று விதமான நூடுல்ஸ் துண்டுகள். எதை எடுத்தாலும் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது.

"இதை வச்சு என்ன பண்ணுவே? எறும்புக்கு விருந்தா?" என்றான் குண்டூசி.

"எல்லாம் சேர்ந்தா சூப். ஆனா எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா, நூடுல்ஸ் கஞ்சியாயிடும், பட்டாணி கல்லாட்டம் நிக்கும். எது வேக நேரம் ஆகும்னு தெரியணுமே."

"கடிச்சுப் பாத்தாத் தெரியும்" என்றான் குண்டூசி. சொல்லிவிட்டு ஒரு பட்டாணியைக் கடித்தும் பார்த்தான். "ஆ! இது கல்லு!"

பொத்தானுக்குச் சட்டென்று வழி பிறந்தது. செய்தித்தாளில் மூன்று வட்டம் போட்டாள். கல், பல், பஞ்சு. கடிக்கவே முடியாதது கல். முயன்றால் கடிபடுவது பல். விரலால் நொறுங்குவது பஞ்சு. பட்டாணியும் பார்லியும் கல். அரிசி, பருப்பு, கோதுமை எல்லாம் பல். நூடுல்ஸ் பஞ்சு. கல் வட்டத்தில் இருந்ததைக் கழுவி, அப்பா கொதிக்க வைத்துத் தந்த வெந்நீரில் ஊறப்போட்டாள். அவை ஊறும்வரை வெங்காயமும் கேரட்டும் நறுக்கினாள். வெங்காயம் நறுக்கியதில் இருவரும் கண்ணீர் விட்டதைப் பார்த்து அப்பா பதறிப்போய் எழுந்து வந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அப்பா மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். முதலில் கல் போனது. அது மெத்தென்று ஆனதும் பல். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு குண்டூசி மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, சூப் எழுந்திரிக்குது!"

ஒரு பிடி, ஒரு பிடி என்று போட்டதெல்லாம் தண்ணீரைக் குடித்துக் குண்டாகிவிட்டது. சட்டியின் விளிம்புவரை வந்து, மூடியை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"பெரிய சட்டியை எடு! சீக்கிரம்!"

பெரிய சட்டிக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். அதையும் அது குடித்துவிட்டு இன்னும் குண்டானது. இன்னொரு சட்டி வந்தது. கடைசியில் வாளி மாதிரி இருந்த அம்மாவின் பழைய பாத்திரமும் அடுப்புக்கு வந்தது. பஞ்சையும் போட்டு முடித்தபோது மூன்று பாத்திரம் நிறையச் சூப்!

அப்பா வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இது நம்ம அலமாரிக்குள்ளயா இருந்துச்சு?"

"பாதிதான்பா ஆயிருக்கு" என்றாள் பொத்தான். "இனிப்பு வகையறா இன்னும் இருக்கு."

முந்திரி, திராட்சை, பேரீச்சம்பழம், வேர்க்கடலை, உடைந்த பிஸ்கட், சாக்லேட் பொடி. ஒரே ஒரு முழு முந்திரியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பொடியாக்கி ஒரு தட்டில் கொட்டினாள். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த தேன் பாட்டிலில் இரண்டு கரண்டிச் சூடான பால் ஊற்றிக் குலுக்கியதும் தேன் முழுக்க வந்துவிட்டது. அதை விட்டுப் பிசைந்து, தட்டில் அழுத்தி, அப்பாவின் அளவுகோலைக் கழுவி வைத்துக் கோடு போட்டுச் சதுரம் சதுரமாக வெட்டினாள். மொத்தம் இருபத்தொரு வில்லை வந்தது.

இரண்டு மணிக்கு அப்பா அலமாரியைத் திறந்தார். துடைத்த தட்டுகள் பளபளத்தன. விரலால் தேய்த்துப் பார்த்தார், தூசிகூட இல்லை. "கெட்டிக்காரி!" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். குண்டூசி இருமினான். "கெட்டிக்காரனும்தான்" என்று அவன் கன்னத்தையும் கிள்ளினார்.

சரியாக மூன்று மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது.

அம்மா உள்ளே வந்தார். பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் கட்டிக்கொண்டார். உச்சியில் முத்தம் கொடுத்தார். பிறகு வழக்கம்போல நேராகப் போய் அலமாரியைத் திறந்தார்.

"என்ன இது, துடைச்சு வச்சிருக்கு?" என்று திரும்பியவரின் கண்ணில் மேசையோரத்து நூல் குவியல் பட்டது. முகம் மாறிவிட்டது. "ஐயையோ! சிவப்பையெல்லாம் பிரிச்சுட்டீங்களா? அப்பா ஒன்னும் சொல்லலையா?"

பொத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா எதுக்கும்மா சொல்லணும்?"

"சிவப்பைத்தான் தொடக் கூடாதே!"

"யாரு சொன்னா?"

"இதை வேற ஒருத்தர் சொல்லணுமாடி? பதினஞ்சு வருஷமா லாரி ஓட்டறேன். சிவப்புன்னா நில்லு. அப்பா எதுக்கோ எடுத்து வச்சிருக்கார்னு நினைச்சு நான் கைகூட வைக்க மாட்டேன்."

குண்டூசி மெல்ல முன்னால் வந்தான். "அம்மா... அப்போ பச்சைன்னா?"

"பச்சைன்னா போ! உங்க அப்பாவுக்கு என்ன அக்கறை பாரேன், எனக்குன்னு தனியா பச்சையில கட்டி வைக்கிறாரேன்னு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சந்தோஷமா எடுத்துத் தின்னேன் தெரியுமா? ஒன்னு விடாம!"

"அம்மா!" குண்டூசியின் குரல் கீச்சிட்டது. "பச்சை நான்! நான்தான் பச்சை!"

பொத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். திராட்சைச் சண்டை, அப்பாவின் சட்டம், நான்கு நிறம், அம்மாவின் லாரி நிறத்தில் சிவப்பு. கேட்கக் கேட்க அம்மாவின் வாய் திறந்துகொண்டே போனது.

"எனக்கு யாருமே இதைச் சொல்லலையே!"

"நீ சொல்லலையா?" என்று அப்பா பொத்தானைப் பார்த்தார்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்!"

"நான் நீ சொல்லியிருப்பேன்னுல்ல நினைச்சேன்!"

குண்டூசி யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

அம்மா அந்தச் சிவப்பு நூல்களைக் கையில் அள்ளினார். ஒரு கை போதவில்லை. "இத்தனையும் எனக்கா?"

"பத்தொன்பது" என்றாள் பொத்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ ஒன்னைக்கூடத் தொடல... அதனால உனக்கு எங்க சாப்பாடு பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேம்மா."

"அடி அசடே!" அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மாவின் கண்ணிலும் நீர் முட்டியது. "வண்டியில போகும்போதெல்லாம் இந்த அலமாரி நினைப்புத்தான்டி எனக்கு."

பிறகு என்ன, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா ஒரு கிண்ணம் சூப் குடித்தார். இரண்டாவது கிண்ணம் குடித்தார். மூன்றாவதை வாங்கும்போது, "இதுல எது என் முந்திரி?" என்று கேட்டார். "முந்திரி தட்டுல இருக்கும்மா. இது உன் பார்லி" என்றாள் பொத்தான்.

கோட்டு வாங்க வந்த டிரம்காரரையும் அப்பா பிடித்து உட்கார வைத்தார். அவர் முதலில் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். "பூச்சி...?"

"அது வீட்டை விட்டுப் போயாச்சு மாமா" என்றான் குண்டூசி.

டிரம்காரர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். அப்புறம் பேச்சே இல்லை. நாலாவது கிண்ணத்துக்கு அவர் கை நீட்டியபோது அப்பா பதறினார். "அண்ணே, அளவு காலையில எடுத்தது! பொத்தான் தெறிச்சா நான் பொறுப்பில்ல!"

மீதமிருந்த சூப்பை ஒரு தூக்கு நிறைய ஊற்றி, தன் வாத்தியக் குழுவுக்கென்று டிரம்காரர் வாங்கிப்போனார். ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் தூக்கு.

"அக்கா" என்று குண்டூசி பொத்தானின் பாவாடையை இழுத்தான். "நீ திருடி இல்ல."

"ரொம்ப நன்றி" என்றாள் பொத்தான்.

"அம்மாதான்."

அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தின்ற பச்சைக்கெல்லாம் அபராதமாக, தன் பங்கிலிருந்து மூன்று வில்லைகளைக் குண்டூசிக்குக் கொடுத்தார். அவன் அதை மறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டில் ஒரே ஒரு வில்லை மிஞ்சியது. மேலே முழு முந்திரி வைத்த வில்லை.

யாரும் கை நீட்டவில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்தார். குண்டூசி தன் கால் விரலைப் பார்த்தான். "எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு, பிள்ளைங்க எடுத்துக்குங்க" என்றார் அம்மா, கண்ணை மட்டும் வில்லையிலிருந்து எடுக்காமல். பழக்கதோஷத்தில் அப்பா எழுந்து நூல்கண்டுப் பெட்டியை எடுக்கப் போனார்.

பொத்தான் அவருக்கு முன்னால் ஓடினாள். பெட்டியைத் திறந்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் நிறத்தைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கவாடா?"

குண்டூசி வில்லையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பெரிய மனது பண்ணி, "சரி, எடுத்துக்கோ" என்றான்.

பொத்தான் ஒரு சாண் நூலை அறுத்து, அந்த வில்லையைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டு, தட்டை அம்மாவுக்கு முன்னால் நகர்த்தினாள்.

பச்சை நூல்.

அம்மா முடிச்சை அவிழ்த்து, ஒரே வாயில் போட்டுக்கொண்டார். பச்சையைப் பார்த்து நின்று அவருக்குப் பழக்கமே இல்லை.